குழந்தைகளின் மனதைப் படித்த ஆசிரியை: அன்னா பிராய்டு

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முதல் நாளை நினைத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பு வாசலில் ஒரே அழுகைச் சத்தமாக இருக்கும். சில குழந்தைகள் அம்மாவின் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். அழுகிற பிள்ளையை உள்ளே தூக்கி வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் நினைத்தேன். அது தவறு என்று பின்னால்தான் புரிந்தது.

அந்த அழுகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஒரு பெண்மணி இருந்தார். அவரும் ஆரம்பத்தில் ஓர் ஆசிரியைதான். அவர் பெயர் அன்னா பிராய்டு.

கனவில் வந்த ஸ்ட்ராபெர்ரி

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரமான வியன்னாவில் 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி அன்னா பிறந்தார். தந்தை சிக்மண்ட் பிராய்டு, தாய் மார்த்தா. மூன்று அண்ணன்கள், இரண்டு அக்காக்கள். ஆறாவதாகப் பிறந்த கடைக்குட்டி அன்னா.

தந்தை சிக்மண்ட் பிராய்டு ஒரு மருத்துவர். நமக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவர் மாத்திரை கொடுப்பார். ஆனால் மனதுக்குள் பயமும் துக்கமும் தங்கிவிட்டால் என்ன செய்வது? நோயாளியைச் சாய்வு இருக்கையில் படுக்க வைத்து, மனதில் தோன்றுவதை எல்லாம் தயங்காமல் பேசச் சொல்லி, அதைப் பொறுமையாகக் கேட்டுச் சிகிச்சை செய்யும் முறையை அவர் உருவாக்கினார். அதற்கு உளப்பகுப்பாய்வு என்று பெயர்.

குழந்தை அன்னாவுக்கு ஒன்றரை வயது கடந்திருந்த சமயம். ஒரு நாள் காலையில் வாந்தி எடுத்தாள். ஸ்ட்ராபெர்ரி பழத்தை அதிகமாகத் தின்றதுதான் காரணம் என்று அவளைக் கவனித்துக்கொண்ட பெண் சொன்னார். அன்று முழுவதும் அவளுக்குச் சாப்பிட எதுவும் கொடுக்கவில்லை. இரவு தூக்கத்தில் அன்னா தன் பெயரைச் சொல்லி, ஸ்ட்ராபெர்ரி வேண்டும், ஆம்லெட் வேண்டும் என்று தனக்குப் பிடித்தவற்றை எல்லாம் வரிசையாகப் பிதற்றினாள்! கனவு என்பது நம் ஆசைகளின் வெளிப்பாடு என்று விளக்கிய சிக்மண்ட் பிராய்டு, மகளின் இந்தக் கனவையும் 1899-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த தன் புகழ்பெற்ற புத்தகத்தில் எடுத்துக்காட்டாக எழுதினார். பேச்சுகூடச் சரியாக வராத வயதிலேயே அன்னா புத்தகத்தில் இடம் பிடித்துவிட்டார், பார்த்தீர்களா?

ஏணியில் அமர்ந்த சிறுமி

அன்னாவின் அக்கா சோபி நல்ல அழகி. அம்மாவுக்குச் செல்லம். தன்னை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை என்ற ஏக்கம் சிறுமி அன்னாவுக்கு இருந்தது. வீட்டில் குழந்தைகளைக் கவனித்துக்கொண்ட ஜோசஃபின் என்ற பெண்மணியிடம்தான் அவர் அதிகம் ஒட்டிக்கொண்டார். ஒரு குழந்தைக்கு ‘நான் யாருக்கோ முக்கியமானவள்’ என்ற எண்ணம் எவ்வளவு தேவை என்பதை அவர் தன் வாழ்க்கையிலேயே உணர்ந்திருந்தார்.

வீட்டிலேயே பெரிய பெரிய அறிஞர்கள் கூடிப் பேசுவார்கள். 14 வயது அன்னாவுக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. நூலக அறையில் புத்தகம் எடுப்பதற்காக இருந்த சின்ன ஏணியில் அமர்ந்து, பெரியவர்கள் பேசுவதை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

1912-ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பு முடிந்தது. அவர் படித்தது பெண்களுக்கான பள்ளி. அண்ணன்களைப் போலப் பல்கலைக்கழகம் செல்லும் வழி அங்கே இல்லை. அன்னா கடைசி வரை பல்கலைக்கழகத்தில் மாணவியாகப் படிக்கவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது.

ஆசிரியை ஆனார்

ஆசிரியை ஆவதற்கான தேர்வை எழுதி வெற்றி பெற்ற அன்னா, 1914-இல் இங்கிலாந்துக்குச் சென்றார். அந்த நேரம் பார்த்து முதல் உலகப் போர் மூண்டது. ஆஸ்திரியாவும் இங்கிலாந்தும் எதிரி நாடுகள் ஆகிவிட்டன. 18 வயதுப் பெண் அந்நிய மண்ணில் அகப்பட்டுக்கொண்டார். நல்ல வேளையாக, நாடு திரும்பிய ஆஸ்திரியத் தூதரின் குழுவினருடன் சேர்ந்து ஊர் வந்து சேர்ந்தார்.

தான் படித்த பள்ளியிலேயே 1915 முதல் பயிற்சி ஆசிரியையாகவும், பிறகு வகுப்பாசிரியையாகவும் பணியாற்றினார். போர்க் காலம், உணவுக்குக் கடும் பஞ்சம். அடிக்கடி உடல்நலம் கெட்டது. 1920-இல் மனமில்லாமல் ஆசிரியர் பணியை விட்டார். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் குழந்தைகளைப் பற்றிக் கற்றது வீண் போகவில்லை.

எப்படிப் பயிற்சி பெற்றார்?

உளப்பகுப்பாய்வாளர் ஆக விரும்புபவர், முதலில் தன் மனதைத் தானே அறிந்துகொள்ள வேண்டும். அதற்காக அனுபவம் உள்ள ஒருவரிடம் தினமும் சென்று, தன் மனதில் உள்ளதை எல்லாம் பேச வேண்டும். அன்னாவுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தவர் தந்தையேதான். அது 1918-இல் தொடங்கியது. சொந்த உறவினர்க்குச் சிகிச்சை செய்யக் கூடாது என்பது இன்றைய விதி. இன்று யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அப்போதோ அந்தத் துறையே புதியது. விதிகள் எழுதப்படாத காலம்.

அதோடு அன்னா நின்றுவிடவில்லை. வியன்னாவின் மனநல மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்வையிடும்போது உடன் இருந்து கற்றார். வழிதவறிய சிறுவர்களை அன்பால் திருத்திய ஆகஸ்ட் ஐக்கார்ன் என்ற ஆசிரியருடன் நகரத்தின் சிறுவர் இல்லங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார். 1922-இல் தன் முதல் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். மறு ஆண்டே சொந்தமாகச் சிகிச்சை அளிக்கத் தொடங்கினார்.

அதே 1923-இல் வீட்டில் ஓர் இடி விழுந்தது. தந்தைக்குத் தாடையில் புற்றுநோய். அடுத்த 16 ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன. அத்தனை ஆண்டுகளும் தந்தைக்குச் செவிலியாக இருந்தவர் அன்னாதான். பகலில் சிகிச்சை, மாலையில் வகுப்பு, வீட்டில் நோயாளித் தந்தை. இப்படித்தான் அவருடைய நாட்கள் ஓடின.

பொம்மைக்குச் சட்டை பின்னிய மருத்துவம்

பெரியவர்கள் தங்கள் கஷ்டம் தாங்காமல் தாங்களாகவே சிகிச்சைக்கு வருவார்கள். குழந்தைகள் அப்படியா? அம்மா கையைப் பிடித்து இழுத்து வருவார். அந்தப் புது மனிதரிடம் குழந்தை ஏன் மனதைத் திறக்க வேண்டும்? முதலில் குழந்தையின் நம்பிக்கையைப் பெற வேண்டும் என்றார் அன்னா.

அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு சிறுமியை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார் தெரியுமா? அந்தச் சிறுமி இருக்கும் நேரத்தில் ஊசியும் நூலும் எடுத்துப் பின்ன ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய எல்லாப் பொம்மைகளுக்கும் சட்டை தயாராகிவிட்டது! பின்னலும் நெசவும் அன்னாவுக்கு மிகவும் பிடித்த கைவேலைகள். அவர் பயன்படுத்திய தறியை இன்றும் லண்டனில் காணலாம்.

அந்தக் காலத்தில் மெலனி கிளைன் என்ற இன்னொரு பெண் அறிஞரும் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தார். குழந்தையின் விளையாட்டை வைத்தே அதன் மனதின் ஆழத்தை உடனே அறிந்துவிடலாம் என்பது அவர் கருத்து. அன்னா அதை ஏற்கவில்லை. இருவருக்கும் பல ஆண்டுகள் கடுமையான வாதம் நடந்தது. குழந்தைகளின் மன மருத்துவம் என்ற துறை இந்த இருவராலும்தான் வளர்ந்தது.

பேயாக மாறிய சிறுமி

1936-இல் அன்னா ஒரு முக்கியமான புத்தகம் எழுதினார். தந்தையின் 80-வது பிறந்தநாளுக்கு அவர் கொடுத்த பரிசு அது. பயமோ வருத்தமோ வரும்போது, நம் மனம் நமக்கே தெரியாமல் எப்படி எல்லாம் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அதில் விளக்கினார்.

அதில் வரும் ஓர் எடுத்துக்காட்டைக் கேளுங்கள். ஒரு சிறுமிக்கு இருட்டில் கூடத்தைக் கடந்து போகப் பயம். அங்கே பேய் இருக்கும் என்று நினைப்பு. திடீரென்று ஒரு நாள் முதல் அவள் தைரியமாகப் போய்வர ஆரம்பித்தாள். போகும்போது கைகால்களை விநோதமாக ஆட்டிக்கொண்டே போவாள். அந்த ரகசியத்தைத் தம்பிக்கும் சொல்லிக் கொடுத்தாள். வேறொன்றும் இல்லை, எதிரே வரப்போகும் பேயாகத் தன்னையே பாவனை செய்துகொண்டால் பயம் போய்விடுமாம்!

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. ஆசிரியரிடம் திட்டு வாங்கிய பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் கையில் குச்சியை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பாடம் நடத்தும், தூணை அதட்டும். பார்க்கிற நமக்குச் சிரிப்பு வரும். உண்மையில் அந்தக் குழந்தையின் மனம் தன் பயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறது.

1937-இல், வியன்னாவின் மிக ஏழைக் குடும்பங்களின் சின்னஞ்சிறு குழந்தைகளுக்காக ஒரு காப்பகத்தைத் தோழிகளுடன் சேர்ந்து அன்னா தொடங்கினார். அங்கே உணவை மேசையில் பரப்பி வைத்துவிடுவார்கள். எதை, எவ்வளவு சாப்பிடுவது என்று குழந்தையே முடிவு செய்யலாம். யாரும் ஊட்டித் திணிக்க மாட்டார்கள்.

நாட்டை விட்டு வெளியேறிய நாள்

அந்தக் காப்பகம் அதிக நாள் நீடிக்கவில்லை. 1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. பிராய்டு குடும்பத்தினர் யூதர்கள். யூதர்களை ஹிட்லரின் ஆட்சி வேட்டையாடிக்கொண்டிருந்தது. மார்ச் 22-ஆம் தேதி கெஸ்டபோ என்ற ரகசியப் போலீசார் வந்து அன்னாவை விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள். அப்படிப் போன பலர் திரும்பி வந்ததே இல்லை. 81 வயதுத் தந்தை நாள் முழுவதும் வீட்டில் தவித்தபடி நடந்துகொண்டே இருந்தார். மாலையில் அன்னா திரும்பி வந்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. வியன்னாவை விட்டுப் போக மாட்டேன் என்று அதுவரை பிடிவாதமாக இருந்தவர், அதற்குப் பிறகு மறுப்புச் சொல்லவில்லை.

வெளிநாட்டு நண்பர்களின் உதவியால் 1938 ஜூன் 4-ஆம் தேதி அவர்கள் வியன்னாவை விட்டுப் புறப்பட்டு லண்டன் சேர்ந்தனர். மறு ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி சிக்மண்ட் பிராய்டு காலமானார். வியன்னாவில் தங்கிவிட்ட அவருடைய வயதான சகோதரிகள் நால்வர், அன்னாவின் அத்தைகள், பின்னர் நாஜி முகாம்களில் உயிரிழந்தனர்.

குண்டு மழையில் ஒரு கூடு

தந்தையை இழந்து, தாய்நாட்டை இழந்து அந்நிய ஊரில் நின்ற அன்னா துவண்டு போகவில்லை. அப்போது இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்தது. 1940 செப்டம்பர் முதல் லண்டன் மீது இரவு பகலாகக் குண்டுகள் விழுந்தன. குழந்தைகளைக் காப்பாற்றுவதற்காக அரசாங்கம் அவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கிராமங்களுக்கு அனுப்பியது. குண்டிலிருந்து தப்பினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வீடு இழந்த குழந்தைகளுக்காக, தோழி டாரதி பர்லிங்ஹாமுடன் சேர்ந்து லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் அன்னா காப்பகங்களைத் தொடங்கினார். அமெரிக்க மக்கள் கொடுத்த நன்கொடை கைகொடுத்தது. 80-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே வளர்ந்தனர்.

அங்கே வேலை செய்த ஒவ்வொருவரும், தாங்கள் பார்த்ததைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுத வேண்டும் என்பது அன்னாவின் விதி. எந்தக் குழந்தை எப்போது அழுதது, யாரைத் தேடியது, எப்படி விளையாடியது என்று எல்லாம் பதிவாயின. அந்தக் குறிப்புகளிலிருந்து ஓர் உண்மை வெளிப்பட்டது. அம்மா அருகில் அமைதியாக இருந்தால், குண்டுச் சத்தத்தைக்கூடச் சிறு குழந்தைகள் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் அம்மாவை விட்டுத் திடீரென்று பிரிந்த துயரத்தை அவர்களால் தாங்க முடியவில்லை. குண்டு விழாத இடத்தில் இருந்தும் பிள்ளைகள் வாடினார்கள்.

இதைக் கண்ட அன்னா காப்பகத்தின் முறைகளை அதற்கேற்ப அமைத்தார். அம்மாக்கள் எந்த நேரத்திலும் வந்து பிள்ளையைப் பார்க்கலாம். நான்கைந்து குழந்தைகளுக்கு ஒரு பெண் பொறுப்பு. அவர்தான் அந்தக் குட்டிக் குடும்பத்தின் அம்மா மாதிரி. முதலில் பொறாமையும் சண்டையும் வந்தன. பிறகு குழந்தைகள் நன்றாகப் பேசவும் தங்கள் வேலைகளைத் தாங்களே செய்யவும் கற்றுக்கொண்டார்கள்.

அந்தக் காப்பகத்தில் எடுபிடி வேலைகளைச் செய்ய வந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். அவரும் அட்டைகளில் குறிப்பு எழுதிப் பழகினார். அந்தக் காலத்து இங்கிலாந்து மருத்துவமனைகள் பலவற்றில், குழந்தையைச் சேர்த்துவிட்டால் பெற்றோர் தினமும் பார்க்க முடியாது. ராபர்ட்சன் 1952-இல், மருத்துவமனையில் தனியாக இருக்கும் இரண்டு வயதுக் குழந்தையின் துயரத்தைத் திரைப்படமாக எடுத்துக் காட்டினார். முதலில் மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். 1959-இல் அரசு அமைத்த குழு ஒன்று, பெற்றோர் எப்போதும் குழந்தையைப் பார்க்கலாம் என்று பரிந்துரை செய்தது. அன்னாவின் காப்பகத்தில் போட்ட விதை, மருத்துவமனைகளில் முளைத்தது!

ஆறு குழந்தைகள்

1945-இல் போர் முடிந்தது. நாஜிகளின் டெரெசின் முகாமிலிருந்து மீட்கப்பட்ட ஆறு யூதக் குழந்தைகள் இங்கிலாந்துக்கு வந்தார்கள். எல்லோருக்கும் மூன்று, நான்கு வயதுதான் இருக்கும். ஒரு வயது ஆகும் முன்பே எல்லோரும் தாயை இழந்தவர்கள். அவர்களுக்குப் பொம்மை என்றால் என்னவென்று தெரியாது. கொடுத்த பொம்மைகளை எல்லாம் உடைத்தார்கள். பெரியவர்களைக் கடித்தார்கள், அடித்தார்கள்.

ஆனால் தங்களுக்குள் அவர்கள் காட்டிய அன்பு எல்லோரையும் வியக்க வைத்தது. ஒருவரை விட்டு ஒருவர் பிரியவே மாட்டார்கள். சாப்பாடு வந்தால், தான் சாப்பிடும் முன் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தார்கள். கிராமத்து வீடு ஒன்றில் இரண்டு சகோதரிகள் அவர்களை ஓராண்டு அன்போடு வளர்த்தார்கள். பொறுமையான கவனிப்பில் அந்தக் குழந்தைகள் மெல்ல மெல்லப் பெரியவர்களையும் நம்பத் தொடங்கினார்கள். தாய் இல்லாத இடத்தில் நட்பே தாயாக இருந்திருக்கிறது என்பதை, 1951-இல் அன்னா எழுதிய கட்டுரை உலகுக்குச் சொன்னது.

தேடி வந்த பட்டம்

1947-இல் குழந்தை மன மருத்துவர்களுக்கான பயிற்சி வகுப்பையும், 1952-இல் ஹாம்ப்ஸ்டெட் சிகிச்சை நிலையத்தையும் அன்னா தொடங்கினார். பார்வையற்ற குழந்தைகளுக்கான நர்சரியும் அங்கே இருந்தது. நலமாக இருக்கும் குழந்தை எப்படி வளர்கிறது என்று தெரிந்தால்தான், வாடும் குழந்தைக்கு எங்கே தடை என்று கண்டுபிடிக்க முடியும் என்பது அவர் கற்பித்த முக்கியப் பாடம். பெற்றோர் பிரியும்போது குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதில், பெரியவர்களின் உரிமையைவிடக் குழந்தையின் தேவையே பெரிது என்று மற்ற அறிஞர்களுடன் சேர்ந்து 1973-இல் நூல் எழுதினார்.

ஆரம்பத்தில் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதை இப்போது சொல்கிறேன். நாட்டை விட்டுப் போன 33 ஆண்டுகளுக்குப் பிறகு, 1971-இல்தான் அன்னா மீண்டும் வியன்னாவில் கால் வைத்தார். அடுத்த ஆண்டு வியன்னா பல்கலைக்கழகம் அவருக்கு மருத்துவத்தில் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. பல்கலைக்கழகத்தில் படிக்காதவரைத் தேடி, அவர் பிறந்த ஊரின் பல்கலைக்கழகமே வந்தது!

1982-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி, 86-வது வயதில் அன்னா பிராய்டு லண்டனில் காலமானார். அவர் வாழ்ந்த வீடு 1986 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அவர் தொடங்கிய நிறுவனம் அவர் பெயரிலேயே குழந்தைகளின் மனநலத்துக்காகத் தொடர்ந்து உழைக்கிறது.

குழந்தைகளே! உங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஓரமாக உட்கார்ந்து அழுதால், கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்த ஆறு குழந்தைகளைப் போல, கையில் இருக்கும் மிட்டாயை முதலில் அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள். உங்களுக்கே மனதில் பயமோ துக்கமோ இருந்தால், உள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். அம்மா, அப்பா, பாட்டி, ஆசிரியர் என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலைச் சொல்ல வெட்கப்படுவதில்லையே. மனதின் வலியைச் சொல்லவும் வெட்கப்பட வேண்டாம்.